மடி மட்டும்

பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தவன், பதிலுக்குக் காத்திராமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

அவ்வளவு நம்பிக்கை.

இருக்காதா பின்னே? சிங்கப்பூர் பாஸ்போர்ட். எந்த விமான நிலையத்தில் நீட்டினாலும் மரியாதையாக முத்திரை குத்தி உள்ளே விடுவார்கள். இது வெறும் மோரே எல்லைவாசல். மணிப்பூர் மலையடிவாரத்தில் ஓர் இரும்புக் கதவு, ஒரு தடுப்புக் கட்டை, சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு.

கோட்டுக்கு அந்தப் பக்கம் பர்மா. சின்ன வயதில் கொய்யாக்காய் திருட ஓடிய பர்மா.

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி அவனிடமே தந்தார். இந்த வாசல் உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்றார் இந்தியில். வெளிநாட்டுக்காரர்கள் இந்த வழியாகப் போக முடியாது.

யார் வெளிநாட்டுக்காரன்? அதோ, அந்த டீக்கடைக்குப் பின்னால்தான் பிறந்தேன் என்று அவன் கைநீட்டிக் காட்டினான்.

அதிகாரி டீக்கடையைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டின் அட்டையில் இருந்த சிங்கத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அவனோடு பள்ளிக்கூடம் போன ஒருத்தன், துண்டுச்சீட்டைக் காட்டிவிட்டு எண்ணெய் டின்னோடு கோட்டைத் தாண்டினான். போகிற போக்கில், எப்போது வந்தாய் என்று விசாரிக்க வேறு செய்தான்.

அவன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் திணித்தான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் தங்கை செண்பகம் நின்றிருந்தாள். பர்மாப் பக்கத்து ஊரான தமுவில் வாழ்க்கைப்பட்டவள். இடுப்பில் குழந்தை. காலையில் அடித்த மொட்டையில் சந்தனம் காய்ந்திருந்தது.

இன்று காதுகுத்து. தாய்மாமனை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டாரும், காது குத்தும் ஆசாரியும் அவளோடு வந்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

அவள் கல்யாணத்துக்கும் அவன் வரவில்லை. லீவு இல்லை என்று சொல்லிவிட்டான். மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்குப் பேசியதை அவள் இன்னும் மறக்கவில்லை. இன்றைக்கும் எதற்கும் இருக்கட்டும் என்று, மாமன் முறை வருகிற யாரோ ஒருவரைத் தேடிப்பிடித்துப் பட்டுவேட்டியில் கூட்டி வந்திருந்தார்கள்.

குழந்தையை இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வா என்று அவன் சத்தம் போட்டான்.

செண்பகம் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் கயிறு. குழந்தையின் கையிலும் அதே கயிறு.

காப்பு.

அம்மனுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணனுக்கென்ன, சிங்கப்பூர்க்காரன், நேரே வந்து இறங்கிவிடுவான் என்ற தைரியத்தில் கட்டிக்கொண்டது. தமுத் தமிழர்களுக்கு ஊர் எல்லை என்றால் இதே சுண்ணாம்புக் கோடுதான்.

அவனைச் சர்க்கார் விடாது. அவளை அம்மன் விடமாட்டாள்.

பட்டுவேட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை கடல் தாண்டி வந்து, ஒரு கோட்டுக்கு முன்னால் நிற்கும்படி ஆயிற்றே என்று தாங்கவில்லை.

செண்பகம் கலங்கவில்லை. கோட்டைப் பார்த்தாள். அண்ணனின் கால்களைப் பார்த்தாள். எப்போதும் போல, சோறு போடவா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"அண்ணே, நீ வரவேணாம். மடி மட்டும் வந்தாப் போதும்."

முதலில் அவனுக்குப் புரியவில்லை.

புரிந்ததும் செருப்பைக் கழற்றினான். பையிலிருந்து புது வேட்டியை எடுத்து, பேண்ட்டுக்கு மேலேயே சுற்றிக்கொண்டான். தடுப்புக் கட்டைக்கு அடியில், கோட்டை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

முதுகு இந்தியாவில் இருந்தது. மடி பர்மாவில்.

அதிகாரி வேகமாக வந்தார். கோட்டைப் பார்த்தார். மடியைப் பார்த்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது.

தாண்டவில்லை, உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றான் அவன்.

அவர் கையை நீட்டினார். பாஸ்போர்ட்டைக் கொடு, இன்னொரு தடவை சரியாகப் பார்க்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார். மலைப்பக்கம் திரும்பி நின்று, ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தார்.

எதிரே நின்ற பர்மாக் காவலர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, புதிதாக ஒன்று மடிக்கக் குனிந்தார்.

செண்பகம் குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள்.

கனமாக இருந்தது. நல்ல சூடாகவும் இருந்தது. மொட்டைத் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். ஆசாரி ஊசியைத் துடைத்தார்.

குழந்தை வீரிட்ட சத்தம் இரண்டு நாட்டுக்கும் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மறு காதும் முடிந்தது. அவன் கொண்டுவந்த தோட்டை ஆசாரி திருகினார். பட்டுவேட்டிக்காரர் சந்தனக் கிண்ணத்தைத் தாமே எடுத்து அவன் பக்கம் நகர்த்தினார்.

செண்பகம் இப்போதுதான் அழுதாள்.

குழந்தை அவள் இடுப்புக்குத் திரும்பியதும் அதிகாரியும் திரும்பினார். பாஸ்போர்ட்டை நீட்டினார். முத்திரை ஒன்றும் விழவில்லை, நீ எந்த நாட்டுக்கும் போகவில்லை என்றார் கறாராக.

சரி ஐயா என்று அவன் எழுந்தான்.

புது வேட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்து கிடந்தது.

அவன் வேட்டியை அவிழ்க்கவில்லை. அப்படியே டீக்கடைக்கு நடந்தான். பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். உட்காரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலில் நின்று டீ குடித்தான்.