டீ மரத்து எண்ணெய்

மோகினியின் வலது கன்னத்தில் தோல், ஆறிய பாலின் ஏடு போலச் சுருங்கி உரிந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. அவள் அதை விரட்டவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து இந்திராவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், கண்ணைப் பொத்திக்கொள்ளவில்லை. ஃபிஜித் தீவின் நசினுவில் எந்த வீட்டு அசிங்கத்தையும் பார்க்காமல் விட்ட பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்த முகம் இரண்டு வருடமாகவே சிவப்புதான். வெயிலில் நின்றால் சிவக்கும், காரம் தின்றால் சிவக்கும், சூடாக ஒரு டீ குடித்தால் தக்காளிதான். மோகினி ரகசியமாக ரம் குடிக்கிறாள் என்று முதலில் ஊருக்குச் சொன்னவள் இந்திராவதி. மூக்கின்மேல் பரு பருவாகக் கிளம்பியதும் ரம்மைக் கைவிட்டு, குஷ்டரோகிகளைக் கொண்டுபோய் வைக்கும் மக்கோங்காய் தீவுப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். மோகினி வந்தால் தண்ணீர் கொடுக்க ஒரு தகரக் குவளையைத் தனியாக ஒதுக்கியும் வைத்தாள்.

ஆனாலும் இரக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சிட்னிக் கப்பலில் வந்த டீ ட்ரீ எண்ணெய் ஒரு பாட்டில், அவள் வீட்டு ஜன்னலில் ஒரு வருடமாக மூடியில்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டீ குடித்துச் சிவக்கிற முகத்துக்கு டீ மரத்து எண்ணெய்தானே மருந்து? அவளே முடிவு கட்டி, போன வாரம் திங்கட்கிழமை பஞ்சும் பாட்டிலுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தடவிய கையோடு மோகினி துள்ளி எழுந்தாள்.

“நெருப்பு வெச்ச மாதிரி எரியுதுக்கா.”

“எண்ணெய்ல என்னடி எரிச்சல்? இங்க பாரு.” இந்திராவதி வளையல்களை மேலே தள்ளி, மணிக்கட்டிலிருந்த தேமல்மீது கால் பாட்டிலைக் கவிழ்த்தாள். “பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. உனக்கு எரியுதுன்னா உள்ள இருக்கிற நோய் வெளிய வருதுன்னு அர்த்தம். மூணு வேளையும் தடவு.”

மோகினி தடவினாள். மூன்றாம் நாள் முகம் ரொட்டி போல உப்பியது. ஐந்தாம் நாள் கொப்புளங்கள் உடைந்து தலையணையோடு ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்துவிட்டு வந்து குமட்டி வாந்தி எடுத்த இந்திராவதி, வாய் கொப்பளித்த கையோடு போய், ஊர்ச் சங்கத்துக் காரியதரிசியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வைத்தாள். எல்லாம் ஊர் நன்மைக்குத்தான்.

இன்றைக்கு டாக்டர் வருகிறார். நோய் குஷ்டம்தான் என்று அவர் சொல்லிவிட்டால் மோகினி தீவுக்குப் படகேற வேண்டும். எட்டு மாதக் கைக்குழந்தை இங்கேயே தங்கிவிடும். அவள் கணவன் வெங்கடசாமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலில் நின்றான்.

சூவாவிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய டாக்டர் நடராஜன் சின்ன வயதுக்காரர். அவர் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், இந்திராவதியும் உள்ளே நுழைந்து கதவோரம் இடம் பிடித்தாள். அவர் மோகினியைக் கண்ணை மூடச் சொல்லி, கன்னத்திலும் காதிலும் கையிலும் ஊசியால் மெல்லக் குத்தினார். குத்திய இடத்திலெல்லாம் அவள் முனகினாள்.

ஈ உட்கார்ந்தால்கூட இவளுக்குத் தெரியவில்லை என்று இந்திராவதி எடுத்துக் கொடுத்தாள்.

“தெரியுதுக்கா. விரட்டப் போனா விரல் படும். பட்டா உயிர் போகுது,” என்றாள் மோகினி.

டாக்டர் நிமிர்ந்தார். “அந்த நோய்ல தோல் மரத்துப் போயிருக்கும், குத்தினாத் தெரியாது. இது வேற. வெறும் முகச் சிவப்பு, அதை ஏதோ எண்ணெய் வேக வெச்சிருக்கு. இவங்க எங்கயும் போக வேணாம்.”

வெங்கடசாமி குழந்தையோடு உள்ளே வந்து மோகினியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பாட்டிலை மோந்து பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். காற்றும் வெயிலும் பட்டுக் கெட்டுப்போன சரக்கு என்றார். புதிதாகவே இருந்தாலும் எதுவும் கலக்காமல் அப்படியே ஊற்றினால் யார் தோலும் எரிந்து புண்ணாகும், இப்படிச் சிவக்கிற முகத்துப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது என்றார்.

இந்திராவதிக்குப் பொறுக்கவில்லை. ஊர் முழுக்கச் சொன்ன செய்தி பொய்யானது போதாதென்று, இனாமாகக் கொடுத்த மருந்துக்கும் பழியா?

“நானும்தான் ஊத்திக்கிட்டேன் டாக்டர் சாப். எனக்கு ஒரு பொட்டு எரியலையே,” என்று கையை நீட்டினாள்.

தேமல் இருந்த இடத்தில் தோல் வழன்று, பச்சைச் சதை தெரிந்தது. ஓரமெல்லாம் மஞ்சள் நீர் கோத்திருந்தது. அடுப்புச் சூடு பட்டிருக்கும் என்று இந்திராவதி வளையலை அதன்மேல் இழுத்துவிட்டாள். மோகினி பார்க்கச் சகிக்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் அந்தக் கையைப் பிடித்தவர் விடவில்லை. அவளையும் கண்ணை மூடச் சொன்னார்.

இவளைப்போல முனகமாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, இந்திராவதி ஜோராகக் கண்ணை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“எத்தனை நேரம் இப்படியே உட்கார்றது சாப்? சட்டுனு குத்துங்க.”

“நாலு தடவை குத்திட்டேன்மா.”