சின்னத் தீ

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. உத்திரமேரூர்ல அந்தத் தெரு முழுக்க வாசல் மெழுகி, பெருமாளுக்குத் தளிகை போடறதுக்கு மாவு இடிச்சுக்கினு இருக்குற நேரம். அந்த நேரம் பார்த்து ஆட்டுக் கொழுப்பு உருக்குற நாத்தம் வந்தா யாருக்குத்தான் பத்திக்கினு வராது?

கோவிந்தம்மாளுக்கு வந்தது. மாவுக் கையைக்கூடக் கழுவல. அக்கம்பக்கத்துல நாலு பொம்பளைங்களை இட்டுக்கினு நேரா சுபாஷ்ரீ வூட்டு வாசல்ல போய் நின்னுட்டா.

சுபாஷ்ரீ அந்தத் தெருவுக்கு மருமகளா வந்தவ. ஆட்டுக் கொழுப்பை உருக்கி, தோலுக்குத் தடவுற கிரீம் பண்ணி வாட்ஸ்அப்ல விக்கிறா. மெட்ராஸ்ல இருக்குறவங்கல்லாம் வரிசையில நின்னு வாங்கறாங்களாம். கொழுப்பை மூஞ்சியில பூசிக்கவும் ஆளு கீதான்னு தெருவே மூக்கு மேல விரலை வெச்சது.

புரட்டாசி பொறந்ததும் கோவிந்தம்மாதான் அவளைக் கூப்பிட்டுக் கண்டிச்சா. ஊரே கவிச்சி விட்டுட்டு இருக்குது, இந்த மாசம் மட்டும் அடுப்பு மூட்டாதேன்னா. சுபாஷ்ரீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. வாங்கி வெச்ச கொழுப்பை ஃப்ரீசர்ல போட்டு மூடினா. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணா. வந்த ஆர்டருக்கெல்லாம் ஐப்பசியிலதான்னு பதில் போட்டா. அப்பேர்ப்பட்டவ வூட்டுலேருந்துதான் இன்னிக்கு இந்த நாத்தம்.

"இன்னாடி இது?"

சுபாஷ்ரீ உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கினா.

"நான்தான்க்கா வெச்சேன். தப்புதான்."

தப்பாமே, தப்பு. கோவிந்தம்மா பிடிபிடின்னு பிடிச்சுக்கினா. உன் மாமியா ஆண்டாளம்மா எப்பேர்ப்பட்டவ, புரட்டாசி பூரா ஒரு வேளை சோறு, வெங்காயம் பூண்டுகூடத் தொட மாட்டா, நாமம் வெக்காம வாசப்படி தாண்ட மாட்டா, அந்தப் புண்ணியவதி இருக்குற வூட்டுல பெருமாள் கிழமையில இதை வேக வெக்கிறியே, நீ சோத்தைத்தான் திங்கிறியான்னு கேட்டா. கூட வந்தவங்களும் ஆளுக்கு ஒண்ணு சேத்துக்கினாங்க. சுபாஷ்ரீக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கினு நின்னுது.

"அந்தச் சட்டியை எடுத்தாந்து எங்க கண்ணு முன்னாடி கால்வாய்ல கொட்டு," கோவிந்தம்மா தீர்ப்பு சொல்லிட்டா. "இனிமே இந்தத் தெருவுல இந்தத் தொழிலே கூடாது."

சுபாஷ்ரீ புருஷனுக்கு ஒரகடத்துல கம்பெனி வேலை போய் வூட்டுல குந்திக்கினு கீறான். இந்தக் கிரீம் வித்துத்தான் அந்த வூட்டுல உலை கொதிக்குது. அது அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒருத்தி வாயிலயும் ஐயோ பாவம்னு வரல பாருங்க.

"சரிக்கா"ன்னு சொல்லிட்டு சுபாஷ்ரீ உள்ளே திரும்பினா.

அவளுக்கு முன்னாடி சட்டியைத் தூக்கிக்கினு வெளியே வந்தது ஆண்டாளம்மா. நெத்தியில நாமம், தலையில ஈரத் துண்டு, கையெல்லாம் கொழுப்பு.

"அவளை இன்னாத்துக்குத் திட்றீங்க? அடுப்பு மூட்டினது நானு. அவ கொல்லைப் பக்கம் போன நேரத்துல மூட்டினேன். என் பேரு கெடக் கூடாதுன்னு அவ பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கினா."

கூட வந்தவங்க ரெண்டடி பின்னால நகர்ந்தாங்க. கோவிந்தம்மாளுக்கு மட்டும் கோவம் ரெண்டு பங்கா ஏறிச்சு.

"அவளாவது சின்னஞ்சிறுசு. உனக்கு இன்னாக்கா வந்துச்சு? விரதத்துல இருந்துக்கினு இந்தக் கருமத்தைக் கையால தொட்டுக்கினு கீறியே. பெருமாளுக்கு இன்னா பதில் சொல்வே?"

"அதை நான் பெருமாள்கிட்ட பேசிக்கிறேன்." ஆண்டாளம்மா சட்டியை வாசல்ல வெச்சா. கொழுப்பு அடி கருகி, மேல மஞ்சளா நின்னுது. "என் மருமவ சுடுதண்ணிக்குள்ள பாத்திரத்தை வெச்சு, சின்னத் தீயில அரை நாள் உருக்குவா. வெண்ணெயாட்டம் வெள்ளையா வரும். மோந்து பார்த்தாலும் ஆட்டுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அந்தப் பொறுமை ஏது? பச்சைப் புள்ளை சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம் வருதுன்னு அதைப் பெத்தவ வந்து அழுதா. சத்தியம் பண்ணிட்டேனேன்னு இவளும் அழுதா. சத்தியம் இவளுதுதானே, என்னுது இல்லையேன்னு நான் அடுப்பை மூட்டி, அவசரத்துல தீயை ஏத்திட்டேன். தீஞ்சு நாறிப் போச்சு. இது புள்ளை தோலுக்கு ஆவாது. நீ சொல்லவே வாணாம், கொட்டத்தான் போறேன்."

கோவிந்தம்மா அதோட விட்டிருக்கலாம். விடல.

"எவ அவ? புரட்டாசி மாசத்துல பெத்த புள்ளை மேல ஆட்டுக் கொழுப்பைப் பூசறவ? பேரைச் சொல்லு, அவளையும் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

வாணாம் அத்தைன்னு சுபாஷ்ரீ மாமியா கையைப் பிடிச்சு இழுத்தா. ஆண்டாளம்மாளும் முதல்ல சொல்ற மாதிரி இல்ல. ஆனா கோவிந்தம்மா இடுப்புல கையை வெச்சுக்கினு நின்ன தோரணை அவளைப் பேச வெச்சுடுச்சு.

"உம் பொண்ணு சுதாதான். லேபிளைப் பிச்சுட்டு, மெடிக்கல்ல வாங்கினதுன்னு ஒரு வெள்ளை டப்பா உன்கிட்ட குடுத்தாளாமே? தினம் குளிச்சு, நாமம் போட்டுக்கினு, உன் பேரனுக்கு அதை நீதானே தடவறே? டப்பா காலி, ஓடிப் போய் வாங்கியாடின்னு இன்னிக்குக் காலைல அவளைத் துரத்தினதும் நீதான்."