ஒரு விரல் இடம்

மார்ச் 14. நேற்று அக்காவின் கையை அளக்கும்போது நாடாவைச் சற்று இறுக்கிவிட்டேன். முப்பத்து மூன்று சென்டிமீட்டர் என்று எழுதியது தவறு.

ஜெபராஜ் எழுதியதை வாசித்துப் பார்த்து, 'சற்று' என்பதை அடித்தான். மார்பகப் புற்றுக்கு அறுவை செய்தபோது அக்கா எஸ்தரின் அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வலது கையில் நீர் கோத்துக்கொண்டே வந்தது. இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது, நிணநீருக்கு அப்படி ஒன்று இல்லை என்று மருத்துவமனையின் மாலை வகுப்பில் சொன்னார்கள். நிணநீர்க் குழாய்களின் சுருக்கமும் உடம்பின் அசைவும் மூச்சும்தான் அதை நகர்த்துமாம். அவன் தினமும் கழுத்தில் தொடங்கி, தோல் மட்டும் அசையும்படி மெல்லத் தடவினான். வீக்கம் வடிந்தால் அக்கா மறுபடி தையல் மெஷினில் உட்காரலாம்.

இன்று சரியாக அளக்கத்தான் நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் விரல்கள் தாமாக இறுகின.

"முப்பத்திரண்டரை, அக்கா."

எஸ்தர் சிரித்தாள். "இருபது வருசமா ஊருக்கே அளவெடுத்தவகிட்டயாடா? நாடாவுக்குள்ள ஒரு விரல் போகணும். விடு."

அவன் விட்டான். நாடா முப்பத்தாறில் நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நீல ஜாக்கெட்டை எடுத்து வை. கை நுழையல, பிரிச்சுத் தைக்கணும்."

ஜெபராஜ் குறிப்பேட்டில் முப்பத்தாறு என்று எழுதினான். அதன்கீழே எழுதினான்:

நாளை நீல ஜாக்கெட்டின் வலது கையைப் பிரித்து, இரண்டு அங்குலத் துணி சேர்க்க வேண்டும். அக்கா சொல்வாள், நான் தைக்க வேண்டும்.