நோட்டில் இருக்கிற கிளி

ஐந்து என்ற எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு டாலர் நோட்டை நீட்டினான்.

மறைக்காவிட்டால் அதிலிருக்கிற கிளியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிஜியின் மலையோர ஊர்களில் மூன்று மாதமாக அதுதான் நடந்தது. நோட்டைக் கண்டதும் பார்த்தேன் பார்த்தேன் என்பார்கள். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நன்றி சொன்னவர்களும் உண்டு.

வேறு நல்ல படம் அவனிடம் இல்லை.

பச்சைக் கிளி. தொண்டையில் மட்டும் சிவப்பு. குலவாய் என்று பெயர். இந்த நாட்டைத் தவிர வேறெங்கும் கிடையாது. இங்கேயும் இல்லை, அழிந்துவிட்டது என்று எழுதிவிடலாமா என்று பார்க்கத்தான் பறவை ஆராய்ச்சிக்காரனான அவனைப் பொள்ளாச்சியிலிருந்து வரவழைத்திருந்தார்கள்.

நாளை மறுநாள் விமானம். அவன் பார்க்காவிட்டால் எழுதிவிடுவார்கள்.

அங்கம்மா மரவள்ளிக்கிழங்கு உரித்த கையோடு குனிந்து பார்த்தாள். காட்டை ஒட்டிய கடைசி வீடு அவளுடையது. கரும்பு வெட்ட வந்த பூட்டன் கொண்டுவந்த தமிழ் அவளிடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இதுவா? நேத்து பூனை ஒண்ணைக் கவ்விட்டு வந்துச்சு தம்பி. கோழிக்கூண்டுக்குப் பின்னால பொதைச்சேன்."

அவன் கையாலேயே தோண்டினான்.

ஈர மண்ணுக்குள் பச்சை. பிறகு சிவப்பு.

சந்தோஷம் தாங்கவில்லை. செத்ததைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சிரித்தான். நேற்றுவரை இருந்திருக்கிறது! மண்ணை ஊதினான், இறக்கையை விரித்தான், படம் எடுத்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

அங்கம்மாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"சோடியாத்தான் வரும். இன்னொண்ணு காலைலேருந்து அந்தக் கொய்யாவுல ஒக்காந்து கத்திக்கிட்டே கெடக்கு."

தோண்டுகிற அவசரத்தில் அந்தக் கத்தல் அவன் காதில் விழவில்லை. இப்போது விழுந்தது.

மெல்லிய கீச்சு. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும்.

ஒலிப்பதிவுக் கருவியை எடுக்கப் பையைத் திறந்தான். அண்ணாந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. கைக்கு எட்டுகிற கிளையில்தான் உட்கார்ந்திருந்தது. கோழிக்கூண்டுப் பக்கமே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவன் சிரிப்பு நின்றது.

"அக்கா, பூனை எங்க?"

அவள் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தாள். விரித்த சாக்கு நடுவில் குழிந்து கிடந்தது.

"இப்பத்தான தம்பி இங்க படுத்திருந்துச்சு."