எழுத்து அழிந்த பட்டன்

கல்யாண வீடியோ எடிட்டர் இருதயராஜ், பத்து வருஷமாக வைத்திருந்த சாஃப்ட்வேரை விட்டுப் புதியதற்கு மாறினார்.

பழையது அடிக்கடி உறைந்துபோய் வேலையை விழுங்கிவிடும். அதனால் ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு சேவ் பண்ணிப் பண்ணி, அவர் கீபோர்டில் எஸ் பட்டனின் எழுத்தே அழிந்திருந்தது.

"புதுசு தானாவே சேவ் பண்ணிக்குமாம். இனிமே உன்னைத் தொட ஆளில்லை," என்று எஸ்ஸிடம் சொன்னது பி பட்டன். புதியதில் வெட்டுகிற வேலை அதற்குத்தான்.

இருதயராஜ் பி-யைத் தட்டினார். காட்சி வெட்டுப்பட்டது, தானாகவே சேவும் ஆனது. அடுத்த நொடி அவர் விரல் எஸ் மேல் வந்து விழுந்தது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"அதான் சேவ் ஆயிடுச்சே!" என்று கத்தியது பி.

"உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்," என்று நெஞ்சை நிமிர்த்தியது எஸ். "அவர் விரலுக்கு யாரு சொல்றது?"