மாஸ்டரின் பெல்ட்

பளுதூக்கும் கம்பியைக் காலால் தாண்டக் கூடாது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் எடை தூக்க வேண்டும் என்பது பயிற்சி தரும் மாஸ்டர் போட்ட விதி. பதினாறு வயது பெனிட்டா அதை மீறியதே இல்லை. போட்டிக்கு முன் இடுப்பு வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, “வெறும் பிடிப்புதான்மா, தூக்கினா விட்டுடும்” என்றார். தூக்கினாள். முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது. கோடை முழுக்கப் படுக்கை.

டாக்டர் கொடுத்த இடுப்பு பெல்ட்டைச் சட்டைக்குள் இறுக்கிக்கொண்டு, இன்றுதான் பயிற்சிக்கூடத்துக்குச் சும்மா பார்க்க வந்தாள். மாஸ்டரின் விசில் கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. ஃபிசியோ அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்கி எடுத்தார். டீஷர்ட் மேலேறியது. உள்ளே அதே பெல்ட். வியர்வையில் பழுப்பேறி ஓரமெல்லாம் நைந்திருந்தது.

“எத்தனை வருஷமா மாஸ்டர்?”

அவர் டீஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

தரையில் கிடந்த கம்பியின் முன் நின்ற, புதிதாகச் சேர்ந்த சிறுமி, “இடுப்பு வலிக்குது மாஸ்டர்” என்றாள்.

“வெறும் பிடிப்புதான்மா.”

பெனிட்டா நடந்துபோய், முதுகை வளைக்காமல், முழங்காலை மெல்ல மடக்கி, அந்தக் கம்பியின் மேல் உட்கார்ந்தாள்.