சுவரில் ஒட்டிய பாலித்தீன்

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து வெயில் வந்தும், முப்பிடாதி வீட்டு பாத்ரூம் சுவரில் பெயிண்ட் ஒட்டமாட்டேன் என்றது. அடித்த மறுநாளே தோல் தோலாக உரிந்தது. அவள் புருஷன் சுடலைமாடன் பூசின சுவர் அது. பூசி முடித்து, மேலெல்லாம் சிமெண்டோடு அருவிக்குக் குளிக்கப் போனவனை வெள்ளம் கொண்டுபோயிற்று. உடம்புகூடக் கிடைக்கவில்லை. அவன் விட்ட வேலையை முடிக்கத்தான் அவன் கூட்டாளி, பெயிண்டர் கிங்ஸ்லியை அழைத்திருந்தாள்.

கிங்ஸ்லி சுவரில் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினான்.

"உள்பக்கம் வேர்த்தா சுவர் காயலைன்னு அர்த்தம், மதினி. வேர்க்கலைன்னா அடிச்சிரலாம்."

காலையில் பார்த்தாள். தாள் முழுக்க உலர்ந்திருந்தது. சுடலையின் வாய் உயரத்தில் மட்டும் சின்ன வட்டமாக ஆவி படிந்திருந்தது. பார்க்கப் பார்க்க மறைந்தது. மறுபடி படிந்தது, மறைந்தது.

கிங்ஸ்லியிடம் இன்னும் காயவில்லை என்று மட்டும் சொல்லிவைத்தாள். தினமும் அதன் முன்னால் போய் நின்றாள். வட்டம் நாளுக்கு நாள் சுருங்கியது. ஒருநாள் வரவே இல்லை.

"காஞ்சிட்டு மதினி. பிரைமர் அடிச்சிருவோமா?" கிங்ஸ்லி தாளைப் பிய்க்கக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு சுவரில் வீசினாள்.

"ஐயோ, என்ன செய்யுதிய?"

"பூச்சு காயவிடக் கூடாது, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்னு அவுக சொல்லுவாவ."

வாளி காலியானது. கிங்ஸ்லி பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

வட்டம் மெல்லப் படிந்தது. இந்தத் தடவை தாளும் லேசாக உப்பி, அடங்கியது.